916 எப்படி வந்தது? உலோகக் கலவையும் இயற்கணிதமும்

மஸ்ஜித் இந்தியா சாலையிலோ சிராங்கூன் சாலையிலோ ஒரு நகைக்கடைக்குள் நுழையுங்கள். விலைப் பலகையில் முதலில் கண்ணில் படும் எண் 916. அம்மாவின் வளையலைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தால் அங்கும் அது சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கலாம். சில மோதிரங்களில் 750 என்று இருக்கும். தங்கக் கட்டிகளில் 999 என்று இருக்கும்.

இவை விலையைக் குறிக்கும் எண்கள் அல்ல. அந்த உலோகத்தை ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு தங்கம் என்று சொல்லும் எண்கள். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மீதி 84 பங்கு செம்பு, வெள்ளி போன்ற வேறு உலோகங்கள். பழைய காரட் கணக்கில் சுத்தத் தங்கம் 24 காரட். 22 காரட் என்பது 24-இல் 22 பங்கு. 22-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.91666… என்று போய்க்கொண்டே இருக்கும். அதில் முதல் மூன்று இலக்கங்களே 916. அதேபோல் 18 காரட் என்பது 18 ÷ 24 = 0.750.

சுத்தத் தங்கத்திலேயே நகை செய்தால் என்ன? சுத்தத் தங்கம் மிக மென்மையானது. அதன் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதாக வழுக்கும். அதனால் நகை விரைவில் வளையும், தேயும். தங்க அணுவைவிடச் சிறிய செம்பு அணுக்கள் இடையில் புகுந்தால் அந்த வழுக்கல் தடைப்படுகிறது. உலோகம் உறுதி பெறுகிறது. செம்பு கூடினால் நிறம் சிவக்கும். வெள்ளி கூடினால் வெளிறும். ஆகவே கலப்பது ஏமாற்று வேலை அல்ல. எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை மறைப்பதுதான் ஏமாற்று வேலை. அந்த ‘எவ்வளவு’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, பள்ளியில் நீங்கள் கற்கும் இயற்கணிதமே போதும்.

விழுக்காட்டைக் கூட்டாதீர்கள், எடையைக் கூட்டுங்கள்

தேர்வில் ‘உலோகக் கலவை’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் அந்தக் கேள்வியைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் இவ்வகைக் கணக்குகள் அனைத்தும் ஒரே ஓர் உண்மையின்மேல் நிற்கின்றன. உருக்கிக் கலக்கும்போது எந்த உலோகமும் புதிதாகத் தோன்றுவதில்லை. எதுவும் காணாமல் போவதும் இல்லை. உருக்குவதற்கு முன் மொத்தம் 30 கிராம் தங்கம் இருந்தால், உருக்கிய பின்னும் 30 கிராம் தங்கம்தான் இருக்கும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. எடைகளைக் கூட்டலாம், விழுக்காடுகளைக் கூட்டவோ, அப்படியே சராசரி எடுக்கவோ கூடாது. 750 தங்கத்தையும் 999 தங்கத்தையும் கலந்தால் இரண்டுக்கும் நடுவில் 874.5 வரும் என்று சொல்லத் தோன்றும். இரண்டும் சம எடையில் இருந்தால் மட்டுமே அது சரி. ஒரு குடம் பாலில் ஒரு கரண்டித் தண்ணீர் விழுவதும் ஒரு குடம் தண்ணீர் விழுவதும் ஒன்றாகுமா?

ஆகவே முதல் வேலை, கேள்வியில் உள்ள ஒவ்வொரு விழுக்காட்டையும் எடையாக மாற்றுவது. அதற்கான வழி எளிது:

தங்கத்தின் எடை = கலவையின் எடை × தூய்மை

ஒரு பவுன் நகை 8 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது 916 தங்கம் என்றால் அதில் உள்ள தங்கம் 8 × 0.916 = 7.328 கிராம். அதே 8 கிராம் 750 தங்கம் என்றால் உள்ளே இருப்பது 6 கிராம் மட்டுமே. தராசு இரண்டுக்கும் ஒரே எடையைக் காட்டும். வேறுபாட்டைக் காட்டுவது கணக்குத்தான்.

பழைய சங்கிலி, புதிய வளையல்

இப்போது ஒரு முழுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பொற்கொல்லரிடம் 40 கிராம் 750 தங்கம் இருக்கிறது. அதனுடன் 999 தங்கம் சேர்த்து உருக்கி 916 தங்கமாக மாற்ற வேண்டும். எத்தனை கிராம் 999 தங்கம் தேவை?

விடையைப் பார்ப்பதற்கு முன் நீங்களே ஓர் ஊகம் செய்யுங்கள். 20 கிராமா? 40 கிராமா?

தெரியாத எடையை ‘க’ என்று வைப்போம். வகுப்பில் நீங்கள் எழுதும் எக்ஸ்தான் இது. மூன்று வரிகளில் எல்லாவற்றையும் எழுதிவிடலாம்:

பழைய தங்கம்: எடை 40, உள்ளே தங்கம் 0.750 × 40 = 30
சேர்க்கும் தங்கம்: எடை க, உள்ளே தங்கம் 0.999க
புதிய கலவை: எடை 40 + க, உள்ளே தங்கம் 0.916(40 + க)

முதல் இரண்டு வரிகளில் உள்ள தங்கம் முழுவதும் மூன்றாம் வரிக்குப் போய்ச் சேருகிறது. எனவே:

30 + 0.999க = 0.916(40 + க)
30 + 0.999க = 36.64 + 0.916க
0.083க = 6.64
க = 80

80 கிராம்! கையில் இருந்ததைப்போல் இரு மடங்கு. பலருடைய ஊகம் இதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். சரிபார்ப்போம்: 30 கிராமுடன் 79.92 கிராம் சேர்ந்தால் 109.92 கிராம் தங்கம். மொத்தக் கலவை 120 கிராம். 109.92 ÷ 120 = 0.916. சரியாக இருக்கிறது.

ஏன் இரு மடங்கு என்று யோசித்தால் ஒரு குறுக்குவழி கிடைக்கும். 750-இலிருந்து 916 எவ்வளவு தூரம்? 166. 999-இலிருந்து 916 எவ்வளவு தூரம்? 83. 166 என்பது 83-இன் இரு மடங்கு. இலக்கிலிருந்து தொலைவில் இருக்கும் உலோகம் கலவையைத் தன் பக்கம் பலமாக இழுக்கிறது. அதைச் சமன்செய்ய, இலக்குக்கு அருகில் இருப்பதிலிருந்து அதிகம் தேவைப்படுகிறது. ஏற்றப் பலகையில் பருமனான அண்ணன் நடுப்பகுதிக்கு அருகிலும் மெலிந்த தம்பி ஓரத்திலும் உட்கார்ந்தால்தான் பலகை சமமாக நிற்கும். இதுவும் அதே கணக்கு.

இந்த வழி புதிதல்ல. 1150-ஆம் ஆண்டில் பாஸ்கரர் எழுதிய ‘லீலாவதி’ எனும் கணித நூலில் பொன் கணக்குக்குத் தனிப் பகுதி உண்டு. ஒவ்வொரு பொன் துண்டின் எடையையும் அதன் தரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் கலவையின் தரம் கிடைக்கும் என்பது அதில் உள்ள விதி. நாம் மேலே செய்ததும் அதுவே. தமிழரும் பொன்னின் தரத்தை ‘மாற்று’ என்ற அளவால் சொன்னார்கள். ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று நல்லவர்களைப் பாராட்டுகிறோம் அல்லவா? பத்தரை மாற்று என்பது சுத்தத் தங்கம். அப்படியானால் 22 காரட் எத்தனை மாற்று? 10.5 × 22 ÷ 24 = 9.625. பழைய தமிழ்ப் பின்னத்தில் சொன்னால் ஒன்பதரையே அரைக்கால் மாற்று.

பூச்சியமும் ஓர் எண்தான்

சேர்க்கும் பொருளில் தங்கமே இல்லாவிட்டால்? 91.6 கிராம் 999 தங்கத்துடன் எவ்வளவு செம்பு சேர்த்தால் 916 தங்கம் கிடைக்கும் என்று கேட்டால் சிலர் தடுமாறுவார்கள். ‘செம்பின் தூய்மை கேள்வியில் கொடுக்கப்படவில்லையே’ என்பார்கள். கொடுக்கத் தேவையில்லை. செம்பில் தங்கம் பூச்சியம்.

0.999 × 91.6 + 0 × க = 0.916(91.6 + க)
91.5084 = 0.916(91.6 + க)
91.6 + க = 99.9
க = 8.3

8.3 கிராம் செம்பு போதும். இங்கே தங்கத்தின் எடை முன்னும் பின்னும் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மொத்த எடை மட்டுமே கூடியது. மாறாத உலோகத்தைப் பிடித்துக்கொண்டால் கணக்குச் சுருங்கும். இது பிறகு நமக்குப் பெரிதும் உதவப்போகிறது.

ஒரு கிராம் பொடி செய்யும் வேலை

சங்கிலியின் கண்ணிகளை ஒன்றோடொன்று இணைக்கப் பொற்கொல்லர் ஒரு துணைக் கலவையைப் பயன்படுத்துவார். அதைப் ‘பொடி’ என்பார்கள். பொடி வைத்து ஊதிச் சூடாக்கும்போது பொடி உருகி இடுக்கில் பாய வேண்டும், சங்கிலி உருகக்கூடாது. ஆகவே பொடி, சங்கிலியைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகுவதாக இருக்கவேண்டும். அதற்காக அதில் மற்ற உலோகங்கள் சற்று அதிகம் சேர்க்கப்படும். அதாவது தங்கம் குறைவாக இருக்கும்.

30 கிராம் 916 தங்கத்தில் செய்த சங்கிலியில், 750 தூய்மையுள்ள பொடி ஒரு கிராம் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முழுச் சங்கிலியின் தூய்மை என்ன?

தங்கம் = 0.916 × 30 + 0.750 × 1 = 27.48 + 0.75 = 28.23 கிராம்
மொத்த எடை = 31 கிராம்
தூய்மை = 28.23 ÷ 31 = 0.9106

தங்கத் துண்டு 916-ஆக இருந்தும் முழுச் சங்கிலி 910-ஐத்தான் தொடுகிறது. வாங்கியவர் 31 கிராமுக்கும் 916 விலையைக் கொடுத்திருப்பார். பின்னொரு நாள் அதை விற்கப் போகும்போது, கடைக்காரர் முழுச் சங்கிலியையும் உருக்கிச் சோதித்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

நேர்மையாகத் தொழில் செய்பவர் இதை முன்கூட்டியே கணக்கிடலாம். இப்போது தெரியாதது எடை அல்ல, தூய்மை. சங்கிலிக்கான தங்கத்தின் தூய்மையை ‘த’ என்போம். முழுச் சங்கிலியும் 916-ஆக இருக்கவேண்டும் என்றால்:

30த + 0.75 = 0.916 × 31
30த = 28.396 − 0.75 = 27.646
த = 0.9215…

ஏறத்தாழ 922 தூய்மையுள்ள தங்கத்தில் சங்கிலியைத் தொடங்கினால், பொடி சேர்ந்த பிறகும் 916 குறையாது. 750-ஐவிட உயர்ந்த தூய்மையுள்ள பொடியைப் பயன்படுத்தினால் இவ்வளவு கூட்டத் தேவையிராது. எதைத் தேர்ந்தாலும் சமன்பாடு ஒன்றே. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் வழக்கு வராமல் காப்பது அந்த இரண்டு வரிகள்தான்.

விடை குறை எண்ணாக வந்தால்?

மீண்டும் அந்த 40 கிராம் 750 தங்கத்துக்கு வருவோம். இம்முறை கையில் 999 தங்கம் இல்லை. 835 தூய்மையுள்ள தங்கம் மட்டுமே இருக்கிறது. அதைச் சேர்த்து 916 ஆக்க முடியுமா?

30 + 0.835க = 0.916(40 + க)
30 − 36.64 = 0.081க
க = −81.97…

சமன்பாட்டைச் சரியாகத்தான் தீர்த்திருக்கிறோம். ஆனால் விடை குறை எண். குறை 82 கிராம் தங்கத்தை எந்தத் தராசில் நிறுப்பது? சமன்பாடு இங்கே நம்மிடம் பேசுகிறது: ‘நீ கேட்பது நடக்காது’ என்கிறது. இரண்டு உலோகங்களைக் கலந்தால் கிடைக்கும் தூய்மை எப்போதும் அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கும். 750-ஐயும் 835-ஐயும் எப்படிக் கலந்தாலும் 835-ஐத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமானால் கலந்த மற்ற உலோகங்களைப் பிரித்தெடுத்து, தங்கத்தைப் புடமிட்டுச் சுத்தப்படுத்த வேண்டும்.

தேர்வில் இதை ஒரு சோதனைக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். கலவையின் தூய்மை இரண்டு எல்லைகளுக்கு வெளியே வந்தாலோ, எடை குறை எண்ணாக வந்தாலோ, ஒன்று உங்கள் சமன்பாடு தவறு, அல்லது கேள்வியே நடக்காத காரியத்தைக் கேட்கிறது.

ஈயத்தின் கணக்கு

தங்கத்தை விட்டு இப்போது பேராக்கின் உலோகத்துக்கு வருவோம். கிந்தா பள்ளத்தாக்கை உலகம் அறியச் செய்தது ஈயம். மலேசியாவில் ஈயச் சுரங்கம் என்று சொல்லும்போது நாம் குறிப்பிடுவது வெள்ளீயத்தை. காரீயம் முற்றிலும் வேறோர் உலோகம். அது நச்சுத்தன்மை உடையது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் இரண்டும் ஒன்றாகச் சேரும் ஓர் இடம் உண்டு. மின்னணுக் கருவிகளில் கம்பிகளையும் பாகங்களையும் இணைக்க உதவும் பற்றாசு, அதாவது நாம் சோல்டர் என்று சொல்லும் கலவை.

வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும். காரீயம் 327 பாகையில் உருகும். ஆனால் 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த பற்றாசு 183 பாகையிலேயே உருகிவிடும்! இரண்டையும்விடக் குறைவு. அது மட்டுமல்ல, இந்த விகிதத்தில் கலவை ஒரே வெப்பநிலையில் முழுதாக உருகி, அதே வெப்பநிலையில் முழுதாக உறையும். பாதிக்குப் பாதி கலந்தாலோ 183 பாகையில் உருகத் தொடங்கி, முழுதும் உருக 210 பாகையைத் தாண்டவேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் அது கூழ்போல் இருக்கும். அந்த நேரத்தில் பாகம் சற்று அசைந்தாலும் இணைப்பு பழுதாகிவிடும். ஆகவே விகிதம் முக்கியம்.

உங்களிடம் பாதிக்குப் பாதி பற்றாசும் சுத்த வெள்ளீயமும் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு 63-37 பற்றாசு 100 கிராம் செய்ய வேண்டும். இங்கே தெரியாதவை இரண்டு. வெள்ளீயத்தின் எடையைக் ‘க’ என்றும், பாதிப் பற்றாசின் எடையைச் ‘ச’ என்றும் வைப்போம். தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடுகளும் இரண்டு வேண்டும். ஒன்று மொத்த எடைக்கு, மற்றொன்று வெள்ளீயத்துக்கு.

க + ச = 100
க + 0.5ச = 63

முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 0.5ச = 37. எனவே ச = 74, க = 26. வெள்ளீயம் 26 கிராம், பாதிப் பற்றாசு 74 கிராம்.

கழித்தபோது கிடைத்த 37 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அது காரீயத்தின் எடை! மொத்தத்திலிருந்து வெள்ளீயத்தைக் கழித்தால் மிஞ்சுவது காரீயம்தானே. முதலிலேயே காரீயத்தைக் கவனித்திருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும்: 37 கிராம் காரீயம் பாதிப் பற்றாசிலிருந்துதான் வரமுடியும்; ஆகவே 74 கிராம் வேண்டும்.

ஒரு துளி நஞ்சு

மாறாத உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் வழி எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு இன்னொரு கணக்கு. காரீயம் உடலுக்குக் கேடு செய்வதால், 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஒரே சீரான பொருளின் எடையில் காரீயம் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. சில பயன்பாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் போன்ற இடங்களில் தயாராகும் பாகங்கள் உலகச் சந்தைக்குப் போகின்றன. அங்கே விற்க வேண்டுமானால் அங்குள்ள விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். காரீயத்துக்குப் பதிலாக இப்போது பெரிதும் பயன்படுவது 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு கலந்த பற்றாசு.

காரீயமில்லாப் பற்றாசு உருகிக் கிடக்கும் தொட்டியில், பழைய 63-37 பற்றாசு ஒரு கிராம் தவறி விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம்தான் ஒரு கிராம். காரீயம் 0.1 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க, அந்தத் தொட்டியில் குறைந்தது எத்தனை கிராம் நல்ல பற்றாசு இருந்திருக்க வேண்டும்?

வெள்ளீயம், வெள்ளி, செம்பு என்று எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினால் தாள் நிறைந்துவிடும். காரீயத்தை மட்டும் பாருங்கள். நல்ல பற்றாசில் காரீயமே இல்லை என்று கொள்வோம். காரீயம் முன்னும் 0.37 கிராம், பின்னும் 0.37 கிராம்.

0.37 = 0.001(1 + க)
1 + க = 370
க = 369

ஒரு கிராம் பழைய பற்றாசு, 369 கிராம் நல்ல பற்றாசை விதியின் விளிம்புக்கே கொண்டுபோய்விடுகிறது. இரண்டு வகைப் பற்றாசையும் ஒரே கருவியால் தொடக்கூடாது, ஒரே மேசையில் வைக்கக்கூடாது என்று சொல்வது வெறும் கெடுபிடி அல்ல. அதன் பின்னால் இந்த ஒரு வரிச் சமன்பாடு இருக்கிறது.

உருக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

இதுவரை கலவையில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருந்தது. தெரியாவிட்டால்? ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிராகூஸ் மன்னன் ஹீரோ தன் தங்க மகுடத்தில் வெள்ளி கலக்கப்பட்டிருக்குமோ என்று ஐயுற்றான். மகுடத்தைச் சிதைக்காமல் கண்டுபிடிக்கும் வேலை ஆர்க்கிமிடீசிடம் வந்தது. அவர் குளிக்கும்போது வழி கண்டார் என்பது கதை. அந்த மகுடத்தின் எடை நமக்குத் தெரியாது. நாமே ஒரு மகுடத்தைக் கற்பனை செய்வோம்.

மகுடத்தின் எடை 982 கிராம். நீரில் அமிழ்த்தினால் 60 கன சென்டிமீட்டர் நீரை வெளியேற்றுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம்; வெள்ளி 10.5 கிராம். முழுதும் தங்கமாக இருந்திருந்தால் 982 ÷ 19.3, அதாவது ஏறத்தாழ 50.9 கன சென்டிமீட்டர் நீர்தான் வெளியேறியிருக்கும். எனவே ஏதோ கலந்திருக்கிறது. எவ்வளவு?

தங்கத்தின் கன அளவு ‘க’, வெள்ளியின் கன அளவு ‘ச’ என்போம்.

க + ச = 60
19.3க + 10.5ச = 982

ச = 60 − க என்று இரண்டாவதில் இடுங்கள்:

19.3க + 630 − 10.5க = 982
8.8க = 352
க = 40

தங்கம் 40 கன சென்டிமீட்டர், அதாவது 772 கிராம். வெள்ளி 20 கன சென்டிமீட்டர், அதாவது 210 கிராம். ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாக வெள்ளி! மகுடத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. எடைகளைக் கூட்டுவது எப்போதும் சரி. கன அளவுகளைக் கூட்டுவது எப்போதும் சரியல்ல. 50 மில்லிலிட்டர் நீரில் 50 மில்லிலிட்டர் எத்தனால் ஊற்றினால் 100 மில்லிலிட்டர் வராது. ஏறத்தாழ 96 மில்லிலிட்டர்தான் வரும். ஒன்றின் மூலக்கூறுகள் மற்றதன் இடைவெளிகளில் புகுந்துகொள்கின்றன. தங்க அணுவும் வெள்ளி அணுவும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை என்பதால் மகுடக் கணக்கில் பிழை மிகச் சிறிது. ஒரு சமன்பாட்டை எழுதும் முன், ‘இதைக் கூட்டலாமா?’ என்று கேட்டுக்கொள்வது அறிவியல் மாணவரின் கடமை.

நான்கு படிகள்

இனி எந்தக் கலவைக் கணக்கு வந்தாலும் இந்த வரிசையில் போங்கள். முதலில், எந்த உலோகத்தைப் பின்தொடரப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மாறாத உலோகம் இருந்தால் அதுவே நல்லது. அடுத்து, ஒவ்வொரு பொருளிலும் அந்த உலோகத்தின் எடை என்ன என்று எழுதுங்கள். மூன்றாவதாக, முன்னிருந்த எடைகளின் கூட்டுத்தொகையைப் பின்னிருக்கும் எடையோடு சமப்படுத்துங்கள். கடைசியாக, விடை இரண்டு எல்லைகளுக்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை வீட்டில் பழைய நகையை மாற்றும் பேச்சு எழுந்தால், நகையின் எடையையும் அதில் பொறித்திருக்கும் எண்ணையும் கேட்டு, உள்ளே இருக்கும் தங்கம் எத்தனை கிராம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பயிற்சி

1. 60 கிராம் 916 தங்கமும் 40 கிராம் 750 தங்கமும் சேர்த்து உருக்கப்படுகின்றன. கலவையின் தூய்மை என்ன?

2. பியூட்டர் என்பது வெள்ளீயத்தோடு சிறிது ஆண்டிமனியும் செம்பும் கலந்த உலோகம். 92 விழுக்காடு வெள்ளீயம் உள்ள பியூட்டர் 300 கிராம் இருக்கிறது. அதை 97 விழுக்காடு ஆக்க எவ்வளவு வெள்ளீயம் சேர்க்க வேண்டும்? (மாறாமல் இருப்பது எது என்று முதலில் பாருங்கள்.)

3. தங்கமும் வெள்ளியும் மட்டும் கலந்த ஒரு கிண்ணத்தின் எடை 789 கிராம். கன அளவு 50 கன சென்டிமீட்டர். அதில் வெள்ளி எத்தனை கிராம்?

4. 80 கிராம் 750 தங்கத்துடன் 916 தங்கம் சேர்த்து 950 தூய்மை பெற முடியுமா? சமன்பாட்டை எழுதாமலே பதில் சொல்லுங்கள்.

விடைகள்: 1) 849.6. 2) 500 கிராம், வெள்ளீயம் அல்லாத 24 கிராம் மாறுவதில்லை, அது புதிய கலவையில் 3 விழுக்காடு என்பதால் மொத்தம் 800 கிராம். 3) 210 கிராம். 4) முடியாது, 916-ஐத் தாண்ட வழியில்லை.